அவ்வாவின் ஆறு மணி

பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கினேன். புரட்டாசி கடைசி வாரம். ஓசூரில் அப்போது குளிர் முழுதாக வந்திருக்காது; ஆனாலும் விடியற்காலையில் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பி சில்லென்றிருக்கும். எங்கள் அடுக்குமாடியின் முகப்பில், லிஃப்டை ஒட்டி, தரையிலிருந்து இரண்டாம் மாடி வரை கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். அந்தக் கண்ணாடிக்குக் கீழே, டைல்ஸ் தரையில், ஒரு கைப்பிடி பச்சை கிடந்தது.

யாரோ பூஜைக்கு வாங்கி வந்த வெற்றிலைக் கட்டு கைதவறி விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். குனிந்த பிறகுதான் அது மூச்சு விடுவது தெரிந்தது.

இரண்டு கையாலும் அள்ளி எடுத்தேன். ஒரு கோழிமுட்டை கனம்தான் இருக்கும். முதுகு பச்சை. நெஞ்சு அரைத்த சந்தன நிறம். அடிவயிற்றில், வால் தொடங்கும் இடத்தில், குங்குமம் கொட்டியதுபோல ஒரு சிவப்பு. தோளில் விரல் நகம் அளவுக்கு ஒரு நீலம். சாய்த்துப் பார்த்தால் மின்னியது. தொண்டை வெள்ளை. கண்ணுக்கு மை தீட்டிப் பிடரி வரை இழுத்துவிட்டது மாதிரி அகலமாக ஒரு கறுப்புப் பட்டை. உச்சந்தலையில் வகிடு எடுத்தது மாதிரி இன்னொரு கறுப்புக் கோடு. வால் மட்டும் இருந்தும் இல்லாத மாதிரி, ஒரு கட்டை வால். கண் பாதி மூடியிருந்தது. நெஞ்சு என் கட்டைவிரலுக்கு அடியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் தம்பி ஓடி வந்தான். ஜார்கண்டுக்காரன். இங்கே வந்து இரண்டு வருடம். பகலில் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லோடிங், ராத்திரி எங்கள் கேட்டில். பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"நவ்ரங், சாச்சா! இது எங்க ஊரு பறவை."

"உங்க ஊரா? இது எங்க ஊருப் பறவைடா" என்றேன். இருவரும் சொன்னது சரிதான் என்பது பிறகு பேசப் பேசத்தான் தெளிவாயிற்று. அவன் ஊரில் மழைக்காலத்தில், காட்டோரத்தில், இது நாள் முழுக்கக் கத்துமாம். நெல் நாற்று நடும்போது அவன் அம்மா வரப்பில் நின்று கேட்பாளாம். மழை முடிந்தால் காணாமல் போய்விடும். எங்கே போகிறது என்று அவர்கள் யாரும் யோசித்ததில்லை.

எங்கே வருகிறது என்பது எனக்குத் தெரியும். அறுபது வருடமாகத் தெரியும்.

தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, தளிக்கும் அஞ்செட்டிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊர். அப்போது அது தருமபுரி மாவட்டம். அதற்கும் முன்னால் சேலம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான். கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் பேரம் கன்னடம். மூன்றும் கலந்து ஒரே வாக்கியத்தில் வரும். அதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. பாட்டியை 'அவ்வா' என்போம். சின்னதாகப் பறப்பது எதுவானாலும் அவ்வாவுக்கு அது 'பிட்ட'. சிட்டுக்குருவியும் பிட்ட, தேன்சிட்டும் பிட்ட. தெலுங்கில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம்: குருவி.

ஆனால் ஐப்பசி பிறந்ததும் அவ்வாவின் வாயில் 'பிட்ட' என்றால் ஒரே ஒரு குருவிதான். "பிட்ட அரிசிந்தி, தீபம் பெட்டு" என்பாள். குருவி கூவியாச்சு, விளக்கு ஏற்று. பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரர்கள் அதையே "ஆறுமணிக்குருவி கூவிருச்சு" என்பார்கள். சொல்லி வைத்தாற்போல எல்லா வீட்டுத் திண்ணை மாடத்திலும் வெளிச்சம் வரும். மாடு கொட்டகைக்குள் போகும். அவ்வா அடுப்பில் உலை வைத்து ராகி மாவைக் கொட்டுவாள். களித் துடுப்பு பானையில் சுற்றும் சத்தம், புளியமரத்தில் கொக்கு அடங்கும் சத்தம், ஓடைப்பக்கமிருந்து அந்த இரட்டை விசில். முதல் சுரம் மேலே ஏறும், இரண்டாவது கீழே இறங்கும். யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்கு நிற்பது மாதிரி ஓர் இடைவெளி. மறுபடியும். பத்துப் பதினைந்து முறை கூவிவிட்டு நின்றுவிடும். நின்றதும் இருட்டிவிடும்.

காலையிலும் அப்படியே. கிழக்கு வெளுக்கும்போது ஒரு தரம்.

அப்பா ஒருமுறை பெங்களூரு போய்விட்டு வந்தபோது எச்.எம்.டி. அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கி வந்தார். ஊரிலேயே மூன்றாவது கடிகாரம். அவ்வா அதை மரியாதையாகச் சாமி மாடத்தில் வைத்தாள், ஆனால் பார்த்ததில்லை. சாயந்திரம் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பேன். முள் ஆறுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் இருக்கும், சில நாள் ஐந்து நிமிஷம் பின்னால் இருக்கும், குருவி கூவும். "குருவி லேட்டு அவ்வா" என்பேன். "நீ சாவி சரியாக் குடுக்கலைடா" என்பாள்.

ஆறுமணிக்குருவி என்ற பெயரை நான் வெகுகாலம் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் தம்பியிடம் பேசிய பிறகுதான் அதிலுள்ள நுட்பம் பிடிபட்டது. அவன் ஊரில் இதற்கு 'நவ்ரங்' என்று நிறத்தை வைத்துப் பெயர். நேரத்தை வைத்து இல்லை. வைக்கவும் முடியாது. வடக்கே அது கூவும் ஆனி, ஆடி மாதங்களில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், ஆறரை தாண்டியும் பொழுது இருக்கும். நம் பக்கம் அப்படி இல்லை. பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருப்பதால் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் விடிகிறது, ஆறு மணியை ஒட்டித்தான் இருட்டுகிறது. குருவி கடிகாரத்துக்குக் கூவவில்லை, அந்தி வெளிச்சத்துக்குக் கூவுகிறது. அந்த வெளிச்சம் ஆறு மணிக்கு வருகிற நாட்டில்தான் இந்தப் பெயர் பிறக்க முடியும். எந்தத் தமிழன் முதலில் இப்படிக் கூப்பிட்டானோ, அவன் வானத்தையும் காதையும் ஒன்றாக வைத்திருந்தவன்.

சித்திரையில் ஒருநாள் சத்தம் நின்றுபோகும். "பிட்ட எங்கே அவ்வா?" என்றால், "அம்மா வீட்டுக்குப் போயிருக்கு, பிரசவத்துக்கு" என்பாள். எங்கள் வீட்டுப் பெண்கள் போவார்களே அந்த மாதிரி. குழந்தைக்குச் சொன்ன சமாதானம் என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன்.

கூவுகிறதே ஒழிய, பார்த்தவர் ஊரில் அனேகமாக யாரும் இல்லை. உண்டிவில் வைத்திருந்த பையன்களுக்குக்கூட அது தட்டுப்பட்டதில்லை. சத்தம் இந்தப் புதரிலிருந்து வருகிறது என்று போனால் அந்தப் புதரிலிருந்து வரும். தமிழில் இதற்குத் தோட்டக்கள்ளன் என்று இன்னொரு பெயர் உண்டு, பொருத்தமான பெயர். மரத்தின் மேலே தேடுவோம். அது பெரும்பாலும் தரையில்தான் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போனது.

நான் அதைப் பார்த்தது ஒரு தண்டனையால். மாமாவின் பலா மரத்தில் அனுமதியில்லாமல் ஏறியதற்காக, அந்த மரத்தடியிலேயே காவல் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கார்த்திகை மாதம். ஓடைக்கரை. புங்கம், மூங்கில், பலா எல்லாம் சேர்ந்து நிழல் கட்டிய இடம். கீழே கணுக்கால் முழுகுகிற சருகு. குப்புறப் படுத்துக் கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது எனக்கு நாலு அடி தூரத்தில் ஒரு பலாச்சருகு தானாகப் புரண்டது.

காற்று இல்லை. இன்னொரு சருகு புரண்டது. 'டக்' என்று மெல்லிய ஓசை. மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சருகுக்குப் பின்னாலிருந்து முதலில் தெரிந்தது அந்த மை தீட்டிய கண். பிறகு சந்தன நெஞ்சு. அது நடக்கவில்லை, தத்தித் தத்தி வந்தது. ஒவ்வொரு தத்தலுக்கும் நின்று, அந்தக் கட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் அசைத்தது. அலகை ஓர் இலையின் ஓரத்தில் கொடுத்து, நெம்பி, பக்கவாட்டில் எறிந்தது. புத்தகப் பக்கம் புரட்டுகிற மாதிரி. அடியில் ஈர மண். ஒரு மண்புழுவின் நுனியைப் பிடித்து இழுத்தது. புழு வர மறுத்தது. குருவி காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து இழுத்தது. அப்போதுதான் வயிற்றுச் சிவப்பு தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு இந்தக் குப்பைக்குள் என்ன செய்கிறது என்று.

வீட்டுக்கு ஓடி வந்து அவ்வாவிடம் சொன்னேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "கண்டது போதும், யாருக்கும் சொல்லாதே" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. உண்டிவில் பையன்கள்தான் காரணம் என்று இப்போது புரிகிறது.

ஐ.டி.ஐ. முடித்து நான் ஓசூருக்கு வந்தபோது சிப்காட் வளர்ந்துகொண்டிருந்த காலம். லாரி செய்கிற கம்பெனி, மொபெட் செய்கிற கம்பெனி, பிறகு கடிகாரம் செய்கிற கம்பெனி என்று ஒவ்வொன்றாக வந்தன. நேற்று வரை ராகி விளைந்த மேட்டில் ஷெட்டு எழும்பும். சுற்றுப்பட்டு ஊர்ப் பையன்கள் எல்லாரும் ஃபிட்டர், டர்னர் ஆனோம். எனக்கு ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. சங்கு ஊதும்போது மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். பஞ்ச் ஒரு நிமிஷம் தள்ளிப்போனால் டைம் ஆபீஸில் கேள்வி. அவ்வாவின் ஆறு மணிக்கும் கம்பெனியின் ஆறு மணிக்கும் உள்ள வித்தியாசம் முதல் மாதத்திலேயே உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அங்கேயும் குருவி இருந்தது. இதை இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். கேன்டீனுக்குப் பின்னால், ஸ்கிராப் யார்டைத் தாண்டி, காம்பவுண்டு சுவர் ஓரமாக, பழைய பட்டா நிலத்து மிச்சமாக ஏழெட்டுப் புங்க மரமும் ஒரு மாமரமும் நின்றன. கீழே உண்ணிச்செடி. யாரும் பெருக்காத இடம். நைட் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் நானும் இன்னும் இரண்டு பேரும் அங்கே போய் நிற்போம். கையில் கூலன்ட் வாடை. சோப்பு போட்டாலும் போகாது. ஆறு மணிச் சங்கு ஊதும். அது அடங்கிய பிறகு, ஒரு மூச்சு விட்டு, புங்க மரத்தடியிலிருந்து அந்த இரட்டை விசில். மேலே ஏறி, கீழே இறங்கி. எங்களில் ஒருவர் வேப்பனப்பள்ளிக்காரர், தெலுங்குதான். "பிட்ட வந்திருச்சுப்பா, இனிமே பனிதான்" என்பார். பனியனுக்கு மேலே ஸ்வெட்டர் எடுக்கிற நாள் அது.

ஓசூர் நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலிம் அலியின் பறவை நூலைப் புரட்டினேன். அவர் அதை முதலில் வெளியிட்டது 1941-ல். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும், படத்துக்காகப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் அந்த மை தீட்டிய கண். கீழே பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். பி-ட்-டா.

இரண்டு முறை படித்தேன். இங்கிலீஷ் புத்தகத்தில், அறிவியல் பெயர் போடுகிற இடத்தில், எங்கள் அவ்வாவின் சொல் இருந்தது.

அந்தச் சொல்லின் கதை பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ், 1766-ல் இந்தக் குருவிக்கும் வைத்தார். அவர் இதைக் காக்கைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். கட்டைவால் காக்கை என்கிற அர்த்தத்தில். அது ஒட்டவில்லை. 1816-ல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கென்று தனிப் பேரினம் உண்டாக்கி, தெலுங்கிலிருந்து 'பிட்டா'வை எடுத்து வைத்தார். அன்றைக்கு ஆந்திரக் கடற்கரையில் வேலை பார்த்த எந்த வெள்ளைக்காரரோ, எந்தக் கிராமத்தானிடமோ விரலை நீட்டி "இது என்ன?" என்று கேட்டிருக்க வேண்டும், "பிட்ட" என்று அவன் பொதுப்படச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை, மலேயாக் காடுகள், போர்னியோ, ஆஸ்திரேலியா வரை இந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கு மேல் இனங்கள். மழைக்காட்டின் அடிநிழலில், சருகுக்குள், கண்ணில் படாமல் வாழ்பவை. பறவை பார்ப்பவர்கள் ஒன்றைக் காண நாள்கணக்கில் குந்தியிருப்பார்கள். அவர்கள் எந்த நாட்டுக்காரர்களானாலும் மெல்லிய குரலில் ஒருவருக்கொருவர் சொல்லும் சொல், எங்கள் வீட்டு அடுப்படிச் சொல்.

அதே பக்கத்தில்தான் இன்னொன்றும் இருந்தது. இது நம் பக்கத்துக்குக் குளிர்காலத்தில் வருகிறது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும். அம்மா வீடு. பிரசவத்துக்கு.

ஓடிப்போய்ச் சொல்ல அவ்வா இல்லை. போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

பறவை நூலார் ஒரு நுணுக்கம் சொல்வார்கள். குயில்போல, புறாபோல அல்லாமல், கிளையைப் பற்றி அமரும் பறவைகள் ஒரு பெரிய வரிசை. அதிலேயே இரண்டு பெரிய கிளை. ஒரு கிளை முறையான பாட்டுக்காரர்கள். குரல்வளைத் தசைகள் சிக்கலானவை, குஞ்சுகள் தகப்பனைக் கேட்டுப் பாட்டைப் படிக்க வேண்டும். நம் காடுகளின் சோலைபாடி அந்த வகை. பிட்டா மறுகிளை. அந்தக் கிளையில் பெரும்பாலானவை பாட்டைக் கற்பதில்லை, பிறக்கும்போதே தொண்டையில் இருக்கிறது. பிட்டாவுக்கு இருப்பது இரண்டே சுரம். அந்த இரண்டு சுரத்தில் திருத்தமும் இல்லை, பிறழ்வும் இல்லை. எங்கள் ஓடைக்கரையில் அவ்வா கேட்டதும், சங்கு அடங்கிய பிறகு நாங்கள் கேட்டதும், நாற்று நடும் வரப்பில் வாட்ச்மேன் தம்பியின் அம்மா கேட்பதும் ஒன்றேதான்.

ஒரு வருடம் கம்பெனிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனியிலும் நடந்ததுதான். ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் இருந்த புதரையெல்லாம் ஜே.சி.பி. வைத்து ஒரே நாளில் சுத்தம் செய்தார்கள். மரத்தை வெட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அடியில் இருந்ததை மட்டும் வழித்துவிட்டு, புல்தரை போட்டார்கள், மரத்தைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்து வெள்ளை அடித்தார்கள். தினமும் இருவர் பெருக்கி, ஓர் இலைகூட விடாமல் அள்ளினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த ஐப்பசியில் சங்கு அடங்கிய பிறகு நாங்கள் மூவரும் நின்றோம். வேப்பனப்பள்ளிக்காரர் ஸ்வெட்டர் எடுக்காமல் ஒரு வாரம் காத்திருந்தார்.

மரம் இருந்தால் பறவை இருக்கும் என்று நினைக்கிறோம். இந்தப் பறவைக்கு மரத்தின் மேல்பாதி அவ்வளவு முக்கியம் இல்லை. அதற்கு வேண்டியது நிழலும், நிழலுக்கடியில் மக்குகிற சருகும், சருகுக்கடியில் ஈரமும், ஈரத்தில் புழுவும். நாம் 'குப்பை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு தை மாதம், தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அய்யூர்க் காட்டுப் பக்கம் போயிருந்தேன், பறவை பார்க்கிற இளைஞர்கள் சிலரோடு. மேலகிரி மலைத்தொடர். வெளியாட்களுக்கு இந்தக் காடு தெரியுமென்றால் கென்னத் ஆண்டர்சனால் தெரியும். பெங்களூரில் இருந்துகொண்டு தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கத்து ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைப் பற்றி எழுதியவர். எங்கள் அப்பா தலைமுறைக்கு அது கதையில்லை, பயம். இப்போது இந்தக் காட்டின் பெரும்பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். 2014-ல் அறிவித்தார்கள், ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022-ல் காவிரி தெற்கும் சேர்ந்தது. யானைக்காக என்றுதான் முதலில் பேச்சு. பன்னர்கட்டாவிலிருந்து இறங்கி, ராகி முற்றும் பருவத்தில் சானமாவு வரை வருகிற கூட்டங்களை எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். யானைக்கென்று காத்த நிலத்தில், அதன் காலடியில், இந்தக் குருவிக்கும் இடம் கிடைத்தது. ஓடைப்பள்ளத்தில் மூங்கில் சருகின் மேல் நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். சாயந்திரம் மூன்று பக்கத்திலிருந்து கூவியது. ஒவ்வொன்றும் தன் பங்கு நிலத்தைச் சொல்லிக்கொள்கிறது என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு குருவியும் தனக்கென்று ஒரு துண்டுச் சருகைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அவள் போனில் மணி பார்த்து ஐந்து ஐம்பத்தெட்டு என்றாள். எனக்கு அவ்வாவின் சாமி மாடம் கண்ணில் வந்து நின்றது.

ஆனால் எல்லாக் குருவியும் அய்யூர் வரை போய்ச் சேர்வதில்லை. இவை ராத்திரியில் பறக்கின்றன. பகலில் தரையை விட்டுக் கிளம்பத் தயங்குகிற பறவை, இருட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருகிறது. முன்னெல்லாம் ராத்திரி கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு வரை மேலிருந்து பார்த்தால் இருட்டாகத்தான் இருந்திருக்கும். இப்போது நெடுஞ்சாலை நெடுக வெளிச்சம், சிப்காட் வெளிச்சம், அத்திப்பள்ளி வெளிச்சம், கண்ணாடிக் கட்டடங்கள். களைத்து இறங்குகிற குருவிக்கு வெளிச்சம் வழிகாட்டுவதில்லை, குழப்புகிறது. கண்ணாடியில் தெரிகிற மரத்தை மரம் என்றே நம்பி மோதுகிறது. ஒவ்வொரு வருடமும் புரட்டாசி, ஐப்பசியில் சென்னையிலும் பெங்களூரிலும் யாராவது ஒருவர் வீட்டு வராந்தாவில், குளியலறையில், பள்ளிக்கூட வகுப்பில் இந்தக் குருவியைக் கண்டெடுக்கிறார்கள். கூண்டிலிருந்து தப்பிய வெளிநாட்டுப் பறவை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இவ்வளவு நிறத்தில் நம் ஊர்ப் பறவை இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அன்றைக்கு மருமகள் ஒரு செருப்பு டப்பா கொடுத்தாள். பழைய பருத்தித் துண்டை அடியில் விரித்து, குருவியை நிமிர்த்தி உட்கார வைத்தேன். வாட்ச்மேன் தம்பி தண்ணீர் பாட்டிலோடு வந்தான். அலகில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று தடுத்தேன். டப்பாவை மூடி, சத்தமில்லாத இருட்டு மூலையில் வைத்துவிட்டு இருவரும் வெளியே உட்கார்ந்தோம். அவன் டியூட்டி முடிந்துவிட்டது, அடுத்து லோடிங்குக்குப் போக வேண்டும். போகவில்லை. போனில் அம்மாவைக் கூப்பிட்டு நவ்ரங் என்று என்னவோ சொன்னான். அந்தப் பக்கம் அவள் சிரிப்பது எனக்கும் கேட்டது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அது நல்லா சாப்பிடுதான்னு கேக்குது. அப்புறம் நான் சாப்பிட்டேனான்னு."

ஒன்றரை மணி நேரம் கழித்து டப்பாவுக்குள் 'டக்' என்று ஓசை. பலா மரத்தடியில் கேட்ட அதே ஓசை.

எங்கள் அடுக்குமாடியின் பின்சுவர் ஓரமாக ஒரு மாமரமும் இரண்டு புங்கமும் இருக்கின்றன. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மூன்று வருடம் வாதாடி, அந்தப் பத்தடி அகலத்தை மட்டும் பெருக்காமல் விடச் சொல்லி வாங்கியிருக்கிறேன். பாம்பு வரும் என்று பயந்தார்கள், வரவில்லை. அங்கே கொண்டுபோய் டப்பாவைச் சாய்த்துத் திறந்தேன். குருவி உடனே வெளியே வரவில்லை. விளிம்பில் நின்று வாலை ஒருமுறை இறக்கி ஏற்றியது. பிறகு இறங்கியது. இரண்டு தத்தல். ஒரு மாஞ்சருகைப் புரட்டி எறிந்தது. அடுத்த சருகுக்குப் பின்னால் போனது. அப்புறம் எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை. அவ்வளவு பச்சையும் சிவப்பும் நீலமும் பத்தடிக்குள் மறைந்துவிட்டன.

அன்று சாயந்திரம் கூவவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், ஐந்தே முக்காலிலிருந்து பின்பால்கனியில் நின்றேன். கீழே கேட்டில் அவனும் நிமிர்ந்து நின்றிருந்தான். ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கூவியது. மருமகள் உள்ளேயிருந்து "மாமா, அது என்ன சத்தம்?" என்றாள். "பிட்ட அரிசிந்தி, விளக்கு ஏத்தும்மா" என்றேன்.

லிஃப்டை ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விளக்கைப் புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் ராத்திரி பத்துக்கு மேல் அணைத்து வைக்கச் சங்கத்தில் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கட்டடத்திலும் கேட்டுப் பாருங்கள். வாசல் மரத்தடியில் ஒரு பாய் அளவுக்காவது சருகைப் பெருக்காமல் விடுங்கள், கொளுத்த வேண்டாம். என்றைக்காவது காலையில் கண்ணாடிக்குக் கீழே ஒரு கைப்பிடி பச்சை கிடந்தால், தண்ணீர் ஊற்றாதீர்கள், போட்டோவுக்காகக் கையில் வைத்திருக்காதீர்கள். அட்டை டப்பாவில் வைத்து, இருட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, பக்கத்துப் புதரடியில் திறந்துவிடுங்கள். எழவில்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். டப்பாவின் மூடியில் காற்றுக்கு நாலு ஓட்டை போட மறக்க வேண்டாம்.